கொடுங்கையூரில் தரைத்தள வீடு: புயல் வந்தால் எதை முதலில் பார்ப்பது?

கொடுங்கையூர் புதுசு | இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் மதுரையில் இருந்து வடசென்னை கொடுங்கையூருக்குக் குடி வந்திருக்கிறோம். வாடகை வீடு, தரைத்தளம். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். மகள் இரண்டாம் வகுப்பு. என் வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிப்ட் வேலை, புயல் மழை என்றாலும் லீவு கிடைப்பது கஷ்டம்.

ஐப்பசி பிறந்ததில் இருந்து பக்கத்து வீட்டு அக்கா "கார்த்திகை வரட்டும் பார்" என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கிறார். யூடியூபில் தேடினால் டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட் என்று எல்லாரும் ஒரே பாட்டு. அது எந்த ஊருக்கும் பொருந்தும். இந்தப் பகுதிக்கு என்று என்ன செய்ய வேண்டும்? அப்புறம், டிவியில் "7ஆம் எண் புயல் கூண்டு" என்று சொன்னால் நான் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

தண்டையார்பேட்டை பாய் | இரவு 9.05

தங்கச்சி, நம்ம பக்கம் புயல் இரண்டு விதமாக வரும். ஒன்று காற்று, இன்னொன்று தண்ணீர். 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா காற்று. மத்தியானத்துக்கு மேல் சென்னைக்குப் பக்கத்திலேயே கரை ஏறியது. மரம், கம்பம், போர்டு எல்லாம் சாய்ந்தன, பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 மிக்ஜாம் தண்ணீர். அது கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம், டிசம்பர் 5. ஆனால் 3ஆம் தேதியும் 4ஆம் தேதியும் நம் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து, மொத்தத்தையும் இங்கே கொட்டிவிட்டுப் போனது. "புயல் ஆந்திராவுக்குப் போகிறது" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தவர்கள் வீட்டில்தான் விடியற்காலை கட்டிலுக்கடியில் தண்ணீர்.

கொடுங்கையூர் தரைத்தளம் என்றால் உங்களுக்குத் தண்ணீர்தான் வேலை வைக்கும். கொடுங்கையூர் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடலே மேலே ஏறி நிற்கும். அப்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? திரும்பித் தெருவுக்குத்தான் வரும். உங்கள் தெருவில் மழை விட்டிருந்தாலும் மட்டம் ஏறுவது இதனால்தான்.

நாளைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று. தெருமுனை டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், ரேஷன் கடை எடை போடுகிறவர், இவர்களிடம் "மிக்ஜாமுக்கு இங்கே எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். ஹவுஸ் ஓனரிடம் கேட்காதீர்கள், அவர் "நம்ம வீட்டுக்கு வரவே வராது" என்பார். கடைக்காரர்கள் ஷட்டரைக் காட்டி "இதுவரைக்கும்" என்று கை வைத்துச் சொல்வார்கள். அந்த மட்டத்தை உங்கள் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலையெல்லாம் அதில் இருந்துதான் தொடங்குகிறது.

மாடிவீட்டு மாணிக்கம் | இரவு 9.20

இதெல்லாம் டிவிக்காரன் கிளப்புவது. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றார்கள். ஆளாளுக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சொன்ன மழை வந்ததா? பால் பாக்கெட் விலை ஏறியதுதான் மிச்சம்.

காசிமேட்டு சுறா | இரவு 9.45

மாணிக்கம் அண்ணே, அந்த 2024 அக்டோபரில் 15ஆம் தேதி பெய்ததை மறந்துவிட்டீர்கள். 16ஆம் தேதிதான் ஏமாற்றியது. கடலில் இருக்கிற மேகக்கூட்டம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளிப்போனால் நமக்கு வர வேண்டியது நெல்லூருக்குப் போகும். அதை முந்தின நாளே யாராலும் தெருவாரியாகச் சொல்ல முடியாது. காரை மேம்பாலத்தில் விட்டவனுக்கு நஷ்டம் என்ன, பெட்ரோல் காசு. மிக்ஜாமில் விடாதவனுக்கு இன்ஜின்.

அக்கா கேட்ட கூண்டு விஷயம். இது துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உள்ள சமிக்ஞை. 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகி இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம். 5, 6, 7 புயல் அபாயம்: 5 என்றால் துறைமுகம் புயலுக்கு இடது பக்கம் இருக்கும்படி அது கடக்கும், 6 என்றால் வலது பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது ஒட்டிக் கடக்கும். 8, 9, 10 அதே மூன்று, ஆனால் தீவிரப் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 3இல் இருந்து 5க்கு மாற்றினால் எங்கள் ஆட்கள் யாரும் சொல்லாமலே படகுக் கயிற்றை இரட்டிப்பார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கூண்டு சொல்வது காற்றை. உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லாது. மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அதி கனமழை. சென்னை மட்டும் பார்க்காமல் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் என்ன நிறம் என்று பாருங்கள். அங்கே விழுவது நமக்குத்தான் வரும்.

அப்புறம், வர்தாவில் பலர் சிக்கியது புயலின் கண்ணில். காற்று சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தார்கள், செல்போனில் விழுந்த மரத்தை வீடியோ எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அடித்தது. முதலில் வாடையாக வந்தது, கண் கடந்த பிறகு தெற்கில் இருந்து வரும். முதல் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து தாங்கி நின்ற மரமும் தகரமும் இரண்டாவது அடியில்தான் பிய்த்துக்கொள்ளும். ரேடியோவிலோ டிவியிலோ "முழுவதும் கடந்துவிட்டது" என்று சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

கொடுங்கையூர் புதுசு | இரவு 9.58

நன்றி அண்ணா. 7ஐ விட 10 பெரியது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். கடைக்காரரிடம் நாளை கேட்கிறேன். கரண்ட் பற்றி யாராவது சொல்லுங்களேன். மீட்டர் பெட்டி வாசலில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

ஃபியூஸ் கேரியர் | இரவு 10.15

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் என்றால் அதுதான் உங்கள் வீட்டில் முதல் ஆபத்து. முப்பது வருடம் கரண்ட் வேலையில் இருந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் பெரும்பாலான தெருவில் கேபிள் நிலத்துக்குக் கீழே போகிறது, தெருவோரம் பில்லர் பாக்ஸ், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அந்தப் பெட்டியின் அடிப்பகுதி பல இடங்களில் ரோட்டு மட்டத்துக்கே இருக்கும். ரோடு மேல் ரோடு போட்டுப் பெட்டி உள்ளே போய்விட்டது. தண்ணீர் ஏறினால் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கரண்ட் பாயலாம். தண்ணீரில் தீப்பொறியும் தெரியாது, சத்தமும் வராது. உங்கள் தெருவில் பெட்டி எங்கே இருக்கிறது என்று வெயில் நாளிலேயே மகளுக்குக் காட்டிவையுங்கள். தண்ணீர் நிற்கும்போது அந்தப் பக்கமே நடக்கக்கூடாது, கம்பத்து ஸ்டே கம்பியைப் பிடிக்கக்கூடாது, மரக்கிளையோடு தொங்குகிற ஒயரைத் தொடக்கூடாது. கேபிள் டிவி ஒயர்தானே என்று யாராவது சொல்வார்கள். எது எந்த ஒயரின் மேல் விழுந்து கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

தண்ணீர் வாசல்படியைத் தொடும்போதே மெயினை இறக்கிவிடுங்கள். கால் நனைந்த பிறகு மெயின் பக்கம் போகவே போகாதீர்கள், அப்போது மின்வாரியத்தின் 94987 94987க்கு அடித்துத் தெருவுக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கரண்டை நிறுத்தினால் திட்டாதீர்கள். பல நேரம் அது பழுதில்லை, ஆள் சாகக்கூடாது என்று வேண்டுமென்றே நிறுத்துவது.

இன்வெர்ட்டர் வைத்திருந்தால் மெயினை இறக்கினாலும் அது வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பேட்டரியைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் "டக்" என்று மெயினைப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். பிளக் பாயின்ட் நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக்கூடாது. மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் காயாமல் போட்டால் காயில் எரிந்துவிடும்.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற சுவிட்ச், இருக்கிறதா என்று ஓனரிடம் கேளுங்கள். இல்லை என்றால் போடச் சொல்லுங்கள். ஒரு ஃபிரிட்ஜ் விலையைவிட ரொம்பக் குறைவு, உயிர் விலை என்று சொல்லிக் கேளுங்கள்.

ஷீட் வீட்டுக்காரன் | இரவு 10.40

தரைத்தளத்துக்காரங்க மட்டும்தான் இருக்கிறோமா? சிமெண்ட் ஷீட், தகரம் போட்ட வீடுகள் இங்கே எத்தனை. செங்கல்லைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். காற்றில் ஷீட் தூக்கும்போது செங்கல்தான் முதலில் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும். மணல் மூட்டை வையுங்கள், அதுவும் கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டி, ஷீட்டுக்குக் கீழே பைப் போகிற இடத்தின் மேல் வருகிற மாதிரி. நடு ஷீட்டில் வைத்தால் ஷீட் விரிந்துவிடும். ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள், ஒரு போல்ட் பத்து இருபது ரூபாய் சமாச்சாரம். ஷீட் மேல் ஏறி நடக்காதீர்கள், பழைய சிமெண்ட் ஷீட் அப்பளம் மாதிரி உடையும்.

மொட்டை மாடி சின்டெக்ஸை வாய்வரை நிரப்பிவிடுங்கள். 500 லிட்டர் டேங்க் நிரம்பினால் அரை டன், நகராது. காலியாக இருந்தால் உருண்டு போய் எங்கே நிற்கும் என்று தெரியாது. நிரப்பி வைத்தால் கரண்ட் போன பிறகு குளிக்கவும் கழுவவும் தண்ணீரும் ஆச்சு. கண்ணாடி ஜன்னலில் டேப் ஒட்டுகிறார்கள், அதனால் கண்ணாடி உடையாமல் இருக்காது. ஜன்னலில் இருந்து தள்ளிப் படுங்கள், அவ்வளவுதான். வாசலில் முருங்கை இருந்தால் இப்போதே கிளையைக் கழித்துவிடுங்கள். பெரிய மரம் என்றால் மாநகராட்சிக்கு 1913இல் சொல்லுங்கள்.

மாடிவீட்டு மாணிக்கம் | இரவு 10.52

சரி சரி. எல்லாம் செய்துவிட்டு தண்ணீர் வந்தால் ஓனர் வீட்டு மாடிக்கு ஏறிக்கொள்ளட்டும். வீட்டை விட்டுப் போனால் திருடன் வருவான். அதைச் சொல்லுங்கள் முதலில்.

நெட்டுக்குப்பம் அக்கா | இரவு 11.10

திருட்டுப் பயம் எனக்கும் தெரியும் அண்ணா. ஆனால் "மாடிக்கு ஏறிக்கொள்ளலாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மிக்ஜாமில் எங்கள் பக்கம் வந்தது வெறும் மழைத் தண்ணீர் இல்லை. மணலி பக்கம் இருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை, அதை சோப்பு போட்டாலும் போகாது. காலில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் வழித்துத்தான் எடுத்தோம். படகு, வலை எல்லாம் பாழ். வடசென்னை என்றால் தண்ணீரோடு தொழிற்சாலையில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் வேறு. அந்தத் தண்ணீரில் குழந்தையை இறக்கவே கூடாது.

அந்த மாதமே டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயில் அமோனியா கசிந்தது. தூக்கத்தில் எழுந்து மூச்சு திணறி ஓடினார்கள். அதனால் வாசனை வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டுங்கள், அமோனியா தண்ணீரில் கரையும். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக நடங்கள். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

இப்போது மாடி விஷயம். மாடி ஏறினால் உயிர் பிழைப்போம், சரிதான். ஆனால் தண்ணீர் இரண்டு மூன்று நாள் வடியாமல் நின்றால் மாடியில் இன்சுலின் எப்படி, கக்கூஸ் எப்படி, குடிக்கிற தண்ணீர் எப்படி? இடுப்பளவு தண்ணீரில் வயதானவரை முதுகில் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண்கள் "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று நள்ளிரவு வரை உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு இருட்டில் கிளம்ப வேண்டி வரும். சாக்கடை மூடி திறந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வயதானவர், கைக்குழந்தை, மாசமாக இருக்கிறவர், இவர்கள் முந்தின நாள் பகலிலேயே, பஸ் ஓடும்போதே கிளம்ப வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போடுவார்கள், சாப்பாடு வரும். ஆனால் போர்வை, மாற்று நைட்டி, நாப்கின், டம்ளர், கொசுவத்தி நீங்களே கொண்டு போக வேண்டும். பெண்களுக்கு அங்கே கக்கூஸ்தான் கஷ்டம், வரிசையில் நிற்க வேண்டி இருக்கும். சொந்தக்காரர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் அங்கே போங்கள்.

ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடையில்தான் கொடுத்தார்கள். ஆதார், வாடகை ஒப்பந்தம், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பொருள்களையும் மழைக்கு முன்பே ஒரு வீடியோ.

மாடிவீட்டு மாணிக்கம் | இரவு 11.25

வயதானவர்கள் விஷயத்தில் அக்கா சொல்வது சரி. எங்கள் மாடியில் கீழ்வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டோம், குடிக்கத் தண்ணீர் கேன் தீர்ந்து போனது உண்மை. ஆனால் வீட்டை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் விடமாட்டேன்.

புழல் உபரி | காலை 6.30

ராத்திரி பேசியதை இப்போதுதான் படித்தேன். ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போய்விட்டது. நான் வடபெரும்பாக்கம்.

எங்களுக்கு மழை நின்ற மறுநாள்தான் பயம். புழல் ஏரி முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி, உயரம் 21.20 அடி. அது நிரம்பி வரும்போது உபரிநீரைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குப் போகும். இன்னொரு பக்கம் பூண்டி ஏரியில் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வந்து மணலி புதுநகரைத் தொடும். வானத்தில் வெயில் அடிக்கும், வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். வெளியூரில் இருந்து வந்தவர்களுக்கு இது புரியவே புரியாது.

அதனால் செய்தியில் "இத்தனை கனஅடி திறப்பு" என்று வந்தால் அதைக் கேளுங்கள். முதலில் நூற்றுக்கணக்கில் திறந்து படிப்படியாகக் கூட்டுவார்கள். கூடிக்கொண்டே போகிறது என்றால் சாமானைத் தூக்கி வைக்க உங்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். கொடுங்கையூருக்கு இது நேராக வராது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் மணலிக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். ஷிப்ட் முடிந்து வர முடியாமல் போனால் எங்கே தங்குவார் என்று இப்போதே பேசி வையுங்கள். பைக்கில் தண்ணீரில் இறங்கி வர வேண்டாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மழையில் தலை வைத்தும் படுக்கக்கூடாது, அங்கே தண்ணீர் தேங்கிவிடும்.

நைட் டியூட்டி | காலை 7.15

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், சுருக்கமாக.

இன்சுலின்: இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பாட்டிலோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே வைத்தால் சுமார் நான்கு வாரம் வெளியில் தாங்கும். அதனால் கரண்ட் போனதும் பதற வேண்டாம். பிரிக்காத பாட்டில்கள் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், கதவைத் திறக்காதீர்கள். ரொம்ப நேரம் கரண்ட் இல்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வையுங்கள், அந்தக் காலத்து முறைதான். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் வீண். ஊசி, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், மாத்திரை எல்லாம் இரண்டு வாரத்துக்கு வருகிற அளவு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும், அம்மா கையில் எப்போதும் வெல்லமோ குளுக்கோஸோ இருக்க வேண்டும்.

அம்மாவை வெள்ளத் தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் குத்தினால் தெரியாது, புண் ஆறாது. தண்ணீரில் நடந்த பிறகு யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் "வெள்ளத்தில் நடந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருந்தால் அதைக் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். எண்ணெய், ரசாயனம் கொதித்தால் போகாது. சம்ப்பைக் காலி செய்து கழுவி, குளோரின் போட்ட பிறகுதான்.

கொடுங்கையூர் புதுசு | காலை 11.30

டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். ஷட்டரின் இரண்டாவது மடிப்பைக் காட்டினார். வீட்டில் கோடு போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு நாலு விரல் கீழே. ஃபிரிட்ஜின் மோட்டார், கேஸ் சிலிண்டர், மகளின் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு எல்லாம் கோட்டுக்குள் இருக்கிறது. சிலிண்டரை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை பாய் | காலை 11.42

ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவிடுங்கள். நிறைந்த சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும். கையில் கொஞ்சம் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. வர்தா வந்தபோது நோட்டுத் தடை வேறு, ஏடிஎம்மில் பணமும் இல்லை, மெஷினுக்குக் கரண்டும் இல்லை. ஊரே கடன் சொல்லித்தான் பால் வாங்கியது.

கொடுங்கையூர் புதுசு | மதியம் 1.10

வீட்டுக்காரரோடு பேசிவிட்டேன். வில்லிவாக்கத்தில் நாத்தனார் வீடு இரண்டாவது மாடி. சென்னைக்கோ திருவள்ளூருக்கோ சிவப்பு எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு மத்தியானமே நானும் அம்மாவும் மகளும் அங்கே போய்விடுவோம். அவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டால் கம்பெனியிலேயே தங்குவார். இங்கே இருந்தால் ஓனர் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்வார், மாணிக்கம் அண்ணனுக்காக. ஓனரிடம் ஆர்சிசிபி கேட்டேன், "தண்ணீரெல்லாம் வராதும்மா" என்றார், பாய் சொன்ன மாதிரியே. சுவரில் போட்ட கோட்டைக் காட்டினேன். பாதிச் செலவு நீங்கள் போடுங்கள் என்கிறார்.

ஃபியூஸ் கேரியர் | மதியம் 1.25

போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள், 100 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டிய பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்தினால் "டப்" என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.